திட்டுமுன் திருகைப் பார்!

தையல் மெஷினில் தைக்கும்போது துணியின் அடியில் நூல் கொசகொசவென்று சுருண்டு கொண்டால் நாம் என்ன செய்கிறோம்? துணியைத் திட்டுவதில்லை. நூலை எடுத்து மறுபடி கோர்க்கிறோம். ஊசி வளைந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். அதற்கும் சரிப்படாவிட்டால்தான் டென்ஷன் திருகில் கை வைக்கிறோம். அதுவும் கால் சுற்றுக்கு மேல் போவதில்லை. இருபது வருஷமாகத் தைக்கிற எனக்கு இது நன்றாகவே தெரியும். ஆனால் பெற்ற பெண் விஷயத்தில் அந்தப் புத்தி இரண்டு மாசம் எங்கேயோ போய்விட்டது.

என் மகள் ஏர் பிஸ்டல் சுடுகிறவள். "ஐயோ, துப்பாக்கியா!" என்று பயந்துவிடாதீர்கள். இது போட்டிக்கான காற்றுத் துப்பாக்கி. மருந்து கிடையாது. அடைத்து வைத்த காற்றின் வேகத்தில் 4.5 மில்லிமீட்டர் ஈய ரவை ஒன்று பத்து மீட்டர் தூரத்தில் உள்ள அட்டையில் போய்ப் படும். அட்டையின் நடுவில் பத்து மதிப்பெண்ணுக்கான வட்டம் 11.5 மில்லிமீட்டர். அதாவது, சட்டையின் முன்பக்கப் பொத்தான் அளவு! ஒரு கிலோ கனமுள்ள பிஸ்டலை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்து, 75 நிமிஷத்தில் 60 தடவை அந்தப் பொத்தானைக் குறி வைக்க வேண்டும். கேட்கவே தோள் வலிக்கிறது, இல்லையா?

எங்கள் ஊர் பூவம். காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகிற சாலையில், நண்டலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம். பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. இந்தச் சின்ன ஊரில் ஒரு பெண் பிஸ்டல் சுடுகிறாள் என்றால் பேசாமல் இருப்பார்களா? என் மாமியாரே முதலில், "பொம்பளைப் பிள்ளைக்கு இது எதுக்கும்மா?" என்றார். "அத்தை, கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைஃபிள் சுட்டு ஒலிம்பிக்ஸ் வரை போகலையா?" என்று வாயை அடைத்தேன். என் வளையல் இரண்டை விற்று, யாரோ உபயோகித்த பிஸ்டல் ஒன்றை வாங்கினோம். கொல்லையில் மாட்டுக் கொட்டகையின் கல் சுவர்தான் எங்கள் மைதானம். பலகைப் பெட்டிக்குள் பழைய துணியைத் திணித்து, அதன் முன்னால் அட்டையைக் குத்தி வைப்போம். அவள் சுடும் நேரத்தில் கொல்லைக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கும். கோழிகூடக் குறுக்கே போகாது.

ஒரு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் ஒரு போட்டிக்குப் போனோம். சுடுவதற்கு முன் பிஸ்டலைச் சோதிப்பார்கள். ஏர் பிஸ்டலின் டிரிக்கர், அதாவது விரலால் இழுக்கிற அந்த விசை, குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது விதி. பிஸ்டலின் வாய் மேலே பார்க்க நிமிர்த்திப் பிடித்து, டிரிக்கரில் 500 கிராம் கல்லை மாட்டி, மேஜையிலிருந்து மெதுவாகத் தூக்குவார்கள். கல் மேலே வந்தால் பாஸ். கல் வருமுன் விசை விழுந்துவிட்டால் ஃபெயில். மூன்று தடவை பார்ப்பார்கள். எங்கள் பிஸ்டல் மூன்று தடவையும் விழுந்துவிட்டது.

பெண்ணுக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. பக்கத்தில் நின்ற ஒருவர் நல்ல மனசோடு, "கொடும்மா" என்று வாங்கி, ஒரு சின்ன ஆலன் சாவியால் ஏதோ ஒரு திருகை விறுவிறுவென்று சுற்றினார். மறுபடி சோதித்தபோது கல் தூக்கிக்கொண்டு வந்தது. 'அப்பாடா' என்று நாங்களும் மறந்துவிட்டோம்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. சுட்டதெல்லாம் கீழே, இடது பக்கம். பத்தில் விழுந்தது ஏழில் விழுந்தது, சமயத்தில் ஆறில். நான் என்ன செய்தேன் தெரியுமா? "மனசு எங்கேயோ மேயுது. எந்நேரமும் போன். வளையலை வித்தது தண்டம்!" என்று நாள் தவறாமல் அர்ச்சனை. "அம்மா, இழுக்கிறப்ப அது வர மாட்டேங்குதும்மா" என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று நான் அடக்கிவிட்டேன். ஒரு நாள் அவள் பிஸ்டலைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, "இதையும் வித்துடும்மா. உன் வளையல் திரும்பி வரட்டும்" என்றாள். போகிற போக்கில், "மனு பாக்கரையும் இப்படித்தான் பேசினாங்க" என்று ஒரு வார்த்தை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெண்ணை நானும் டி.வி.யில் பார்த்திருக்கிறேன். 2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக்ஸ். ஹரியானாவிலிருந்து போன பத்தொன்பது வயதுக் குழந்தை. பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டல் பழுதாகிவிட்டது. வெளியே கொண்டுபோய்ச் சரிசெய்து வருவதற்குள் பதினைந்து நிமிஷத்துக்கும் மேல் போய்விட்டது. போன நேரம் போனதுதான். மிச்ச ரவைகளை மிச்ச நேரத்துக்குள் அவசரமாகச் சுட்டு முடித்தார். 575 மதிப்பெண், பன்னிரண்டாம் இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. இரண்டே புள்ளியில் கைவிட்டுப் போயிற்று. அப்போது எத்தனை வாய், எத்தனை பேச்சு! "சின்னப் பெண், அழுத்தம் தாங்கவில்லை" என்றவர்களில் நானும் ஒருத்தி. அதே பெண் 2024 ஜூலை 28-இல் பாரிஸில் அதே போட்டியில் வெண்கலம் வாங்கினார். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து கலப்பு இரட்டையரில் இன்னொரு வெண்கலம். கோளாறு மனசில் இருந்திருந்தால் இந்த மனசு எங்கிருந்து வந்தது?

விடிந்ததும் பெண்ணை எழுப்பினேன். "பெட்டியை எடு. உன்னைப் பாக்க வேண்டாம், முதல்ல அதைப் பாப்போம்" என்றேன்.

முதலில் ரவை டப்பாவை வேறு அறையில் வைத்துப் பூட்டினோம். குழலுக்குள் ரவை இல்லை என்று இருவரும் தனித்தனியே பார்த்தோம். டிரிக்கரைத் தொடுவதற்கு முன் இது தவறவே கூடாது. அப்புறம் எடைக்கல். மாமியார் ஒரு காலத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். பரணிலிருந்து அரைக் கிலோ, இருநூறு, ஐம்பது கிராம் படிக்கற்களை அவரே இறக்கிக் கொடுத்தார். கம்பியில் ஒரு கொக்கி வளைத்து, அரைக் கிலோ கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கினோம். வந்தது. கூட இருநூறு சேர்த்தோம். அதுவும் வந்தது! இன்னும் ஐம்பது சேர்த்தபோதுதான் விசை விழுந்தது. 500 இருக்க வேண்டிய இடத்தில் 700-க்கு மேல். என் பெண் இரண்டு மாசமாக ஒரு படிக்கல்லைக் கூடுதலாக விரலில் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பலம் போட்டு இழுக்கும்போது வலது கைக்காரர்களுக்கு மணிக்கட்டு சேர்ந்து இழுபட்டு, ரவை கீழே இடது பக்கம்தான் போகுமாம். அட்டை இரண்டு மாசமாகச் சொன்னதும் அதைத்தான். எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

அவளுடைய மாஸ்டரிடம் போனில் பேசி, பிஸ்டலோடு வந்த விளக்கப் புத்தகத்தையும் விரித்து வைத்துக்கொண்டோம். உள்ளே இருப்பது ஒன்றும் மாயமில்லை. கதவுத் தாழ்ப்பாள் போலத்தான். சுடும் பாகத்தை ஒரு நாக்கு பிடித்துக்கொண்டிருக்கிறது. டிரிக்கரை இழுத்தால் நாக்கு நழுவும், ரவை பாயும். இழுப்பில் இரண்டு கட்டம். முதல் கட்டம் லேசாக ஓடிவந்து ஓரிடத்தில் 'டக்' என்று நிற்கும். அங்கே விரலை நிறுத்தி, குறியைச் சரிபார்த்து, இன்னும் துளி அழுத்தினால் இரண்டாம் கட்டத்தில் நாக்கு விழும். இரண்டும் சேர்ந்துதான் 500 கிராம். முதல் கட்டத்தின் ஸ்பிரிங், இரண்டாம் கட்டம், நாக்கு விழுந்தபின் டிரிக்கர் ஓடாமல் தடுக்கிற தடை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திருகு. அந்த மனிதர் அவசரத்தில் சுற்றியது முதல் கட்டத்தின் ஸ்பிரிங் திருகை. அது இறுகிப்போனதால் 'டக்' என்று நிற்கிற இடமே அவளுக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு திருகும் இப்போது இருக்கிற நிலையைப் படம் போட்டு வைத்தோம். பிறகு அந்த ஒரு திருகை மட்டும் கால் சுற்றுத் தளர்த்துவது, கல்லை மாட்டிப் பார்ப்பது, நோட்டில் குறிப்பது. மறுபடி கால் சுற்று. ஒரே நேரத்தில் இரண்டு திருகைத் தொட்டால் எது எதைச் செய்தது என்று தெரியாது. பாபின் கேஸ் திருகையும் மேல் டென்ஷனையும் ஒன்றாகத் திருகிவிட்டு முழித்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்குமே!

கல் சரியான எடைதானா என்ற சந்தேகம் வந்தது. காரைக்காலில் தெரிந்த நகைக்கடையில் கொடுத்து நிறுத்தோம். கல்லும் கொக்கியும் சேர்ந்து 508 கிராம். பத்து ரூபாய் நாணயம் ஒன்று எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. கல்லோடு இரண்டு நாணயத்தை டேப் போட்டு ஒட்டினால் 523-க்கு வரும். ஆகவே கணக்கு இதுதான்: கல்லை மட்டும் தொங்கவிட்டால் ஐந்து தடவையும் தூக்க வேண்டும், நாணயம் சேர்த்தால் விழ வேண்டும். பதினோராவது கால் சுற்றில் அது கிடைத்தது. சரியாக 500-இல் வைக்கவில்லை. கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் போட்டி மேஜையில் நெஞ்சு படபடக்காது.

அத்தோடு விட்டேனா? ஆசை யாரை விட்டது! தடைத் திருகையும் கொஞ்சம் இறுக்கினால் இன்னும் நேர்த்தியாக இருக்குமே என்று நான்தான் சுற்றினேன். டிரிக்கர் விழவே மாட்டேன் என்றது. கை நடுங்கிவிட்டது. 'உள்ளதும் போச்சே' என்று உட்கார்ந்தேன். பெண்தான் சிரித்தாள். "தடை ரொம்ப முன்னால வந்துடுச்சும்மா. நாக்கு விழறதுக்கு முன்னாடியே டிரிக்கர் அதுல போய் இடிக்குது" என்று அரைச் சுற்றுத் திருப்பினாள். விழுந்தது.

இந்த மாதிரி பிஸ்டல் வீட்டில் உள்ள தாய்மார்களுக்கு இன்னும் சில வார்த்தை. இழுக்கும்போது மணல் அரைப்பது போல இருந்தால், அது பெரும்பாலும் உலர்ந்த எண்ணெயும் தூசியும். எங்களுடையது போன்ற கடலோர ஊரில் உப்புக்காற்றுத் துருவும் சேரும். துடைத்துச் சுத்தம் செய்யலாம். ஆனால் புத்தகம் சொல்லாத இடத்தில் எண்ணெய் விடாதீர்கள். மின்சார டிரிக்கராக இருந்தால் முதலில் பாட்டரியைப் பாருங்கள். பிஸ்டலை மூடும்போதோ லேசாகத் தட்டும்போதோ தானாகவே சுட்டுவிட்டால், நாக்கின் பிடிப்பு போதவில்லை என்று அர்த்தம். அதில் நம் கைவைத்தியம் வேண்டாம். ரவையை எடுத்துவிட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டி, விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். காற்றுத் துப்பாக்கிதானே என்று அலட்சியமும் வேண்டாம். அந்தச் சின்ன ரவை ஒரு குழந்தையின் கண்ணைப் பறிக்கப் போதும். பிஸ்டல் ஒரு பூட்டிலும் ரவை இன்னொரு பூட்டிலும் இருக்கட்டும். சாவி நம் இடுப்பில். சுடும்போது கண்ணாடி போடாமல் கொல்லைப் பக்கம் போகக்கூடாது.

அன்று சாயங்காலம் ரவை இல்லாமல் ஐம்பது தடவை இழுத்துப் பழகினாள். மறுநாள் ரவை போட்டுப் பத்து. அட்டையைக் கழற்றிக் கொண்டு வந்தாள். எல்லாம் பத்து என்று கதை விடமாட்டேன். இரண்டு பத்து, ஐந்து ஒன்பது, மற்றதெல்லாம் எட்டு. ஆனால் கீழே இடது பக்கம் ஒதுங்காமல், நடுவைச் சுற்றியே இருந்தன. இரண்டு மாசப் பழக்கத்தில் விரல் கற்றுக்கொண்ட முரட்டு இழுப்பு போக இன்னும் ஒரு மாசம் ஆயிற்று. அது என் பங்கு பாவம்.

"நான் அப்பவே சொன்னேனேம்மா" என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நான்தான், "நீ சொன்னப்ப நான் கேட்டிருக்கணும்" என்றேன். அதற்கும் பதில் சொல்லாமல், அட்டையை என் தையல் மெஷின் மேலே இருக்கிற ஆணியில் குத்தி வைத்துவிட்டுப் போனாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அரைக் கிலோ படிக்கல் திரும்பப் பரணுக்குப் போகவில்லை. பிஸ்டல் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாதம் ஒரு தடவை தொங்கவிட்டுப் பார்த்து நோட்டில் எழுதுகிறோம். சுட்டது தப்பிப் போகிற நாட்களில் இப்போது நான் வாயைத் திறப்பதில்லை. என் மாமியார்தான் திண்ணையிலிருந்து குரல் கொடுக்கிறார்: "ஏம்மா, கல்லை மாட்டிப் பாத்தீங்களா?"