ஃபார்மட் பண்ணிடலாம் சார்

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இது நடந்திருக்கிறதா, சொல்லுங்கள். வழக்கம்போல ஒரு ஐகானை இரண்டு தட்டு தட்டுகிறீர்கள். புரோகிராம் திறக்கவில்லை. பதிலுக்கு ஒரு சின்னப் பெட்டி வந்து, 'இதை எதை வைத்துத் திறக்கட்டும்?' என்று உங்களையே கேட்கிறது. வேர்டு, பிரவுசர், கால்குலேட்டர், எதைத் தட்டினாலும் அதே கேள்வி. பூட்டுக்காரனே வந்து சாவி இருக்கா என்று கேட்டால் எப்படி இருக்கும்?

எங்கள் வீட்டில் இது நடந்தது 2010 மே மாதம். விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய காலம். லீவுக்கு வந்திருந்த அக்கா பையன் ஏதோ கேம் தேடிப் போயிருக்கிறான். திரையில் திடீரென்று ஒரு ஜன்னல் முளைத்து, 'உங்கள் கம்ப்யூட்டரில் ஏகப்பட்ட வைரஸ்' என்று சிவப்பு சிவப்பாகப் பட்டியல் போட்டதாம். ஒழிக்க வேண்டுமென்றால் கிரெடிட் கார்டு நம்பரைக் கொடு என்றும் கேட்டதாம். அந்த வருடங்களில் இந்தப் போலி ஆன்ட்டிவைரஸ் கூட்டம் உலகம் பூராவும் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தது. திருடனே காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு வருகிற கதை. வீட்டிலிருந்த அசல் ஆன்ட்டிவைரஸ் அதைக் கண்டுபிடித்து, 'அழிக்கவா?' என்றது. பேஷாக அழி என்றேன். அழித்தது. அப்புறம் ஒரு புரோகிராமும் திறக்கவில்லை.

"மாமா, நோட்பேடுல திறந்து பாத்தேன். ஒரே கிறுக்கலா இருக்கு" என்றான் பையன், உதவி செய்கிற ஆர்வத்தில்.

ஏரியாவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற தம்பி ஒருவர் வந்தார். மவுஸை நாலு தடவை தட்டினார். கை நாடியைப் பார்த்த மாத்திரத்தில் ஆபரேஷன் என்று சொல்லும் டாக்டர் மாதிரி, "ஃபார்மட் பண்ணிடலாம் சார். ஒன்றரை மணி நேரம், முன்னூத்தம்பது ரூபா" என்றார். பையிலிருந்து சிடியையும் எடுத்துவிட்டார். "சி டிரைவ் மட்டும்தான் சார் போகும். டி டிரைவ்ல இருக்கறது எல்லாம் பத்திரமா இருக்கும்."

நான் சரி என்று தலையாட்டியிருப்பேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா அங்கிருந்தே கேட்டார்: "ஏப்பா, அப்பாவோட மொய் நோட்டு அதுக்குள்ளதான இருக்கு?"

எங்களுக்குப் பூர்விகம் உசிலம்பட்டிப் பக்கம். மொய் நோட்டு என்றால் என்ன என்பது மதுரை, தேனிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: நம் வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்வளவு செய்தார்கள் என்ற கணக்கு. அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அதற்குக் குறையாமல் திருப்பிச் செய்ய வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் மைக்கில் பெயர் வாசிக்கும்போதே தெரிந்துவிடும். அக்கா கல்யாண மொய் நோட்டைக் கரையான் அரிக்க ஆரம்பித்தபோது, ரிட்டயர் ஆகி சும்மா இருந்த அப்பா, ஒற்றை விரலால் தட்டித் தட்டி முழுவதையும் எக்ஸெல்லில் ஏற்றினார். மூன்று மாதம் ஆயிற்று. ஏற்றி முடித்ததும் பழைய நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். 2008-ல் அவரும் போய்விட்டார். அடுத்த வாரம் தேனியில் சித்தப்பா வீட்டுக் கல்யாணம்.

அந்தக் கோப்பு எங்கே இருந்தது? மை டாக்குமென்ட்ஸில். நாமாக மாற்றி வைக்காவிட்டால் மை டாக்குமென்ட்ஸ் இருப்பது சி டிரைவில்தான். இது எனக்கு அன்று தெரியாது. தம்பிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "நாளைக்கு வாங்க தம்பி" என்று அனுப்பிவிட்டு, எங்கள் ஆபீஸில் சிஸ்டம்ஸ் பார்க்கிற நண்பருக்கு போன் போட்டேன்.

அவர் சிரித்தார். "புரோகிராமுக்கு ஒண்ணும் ஆகலை சார். பேரேட்டுல ஒரு என்ட்ரி தப்பா இருக்கு, அவ்வளவுதான்" என்றார். நான் பி.காம். படித்தவன் என்பது அவருக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். விண்டோஸுக்குள் ரெஜிஸ்ட்ரி என்று ஒரு பேரேடு இருக்கிறது. எந்த வால் கொண்ட கோப்பை எப்படித் திறப்பது என்று அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு உண்டு. டாட் ஈஎக்ஸ்ஈ என்று முடிகிற புரோகிராம்களுக்கு நேரே 'எக்ஸிஃபைல்' என்று எழுதியிருக்க வேண்டும். அந்த எக்ஸிஃபைலுக்குள் உள்ள கட்டளை, இடைவெளியையும் சேர்த்தால் ஏழே எழுத்து: "%1" %*. அதாவது, 'எதைத் தட்டினாரோ அதையே ஓட்டு. கூட ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்.' போலி ஆசாமி என்ன செய்திருந்தான் என்றால், எக்ஸிஃபைலை எடுத்துவிட்டு 'செக்ஃபைல்' என்று தன் பதிவைப் போட்டிருந்தான். இனி எந்தப் புரோகிராமைத் தட்டினாலும் முதலில் அவன் ஓடுவான், அப்புறம்தான் மற்றவர்கள். ஆன்ட்டிவைரஸ் ஆளை அழித்தது. பதிவை அப்படியே விட்டுவிட்டது. செத்துப்போனவன் பெயருக்கே எல்லா வவுச்சரும் போய்க்கொண்டிருந்தால் கம்பெனி எப்படி நடக்கும்?

இது புதுத் தந்திரமும் இல்லை. 2001-ல் மெயிலில் பரவிய சர்கேம் என்ற புழு இதே இடத்தில்தான் கை வைத்தது.

சரி, பதிவைத் திருத்தலாம் என்றால் அங்கேதான் சிக்கல். ரெஜிஸ்ட்ரியைத் திருத்துகிற ரெஜெடிட்டும் ஒரு டாட் ஈஎக்ஸ்ஈ. அதுவும் திறக்காது. பீரோ சாவியை பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. நண்பர் போனிலேயே சொல்லச் சொல்ல, நான் செய்தேன். ஸ்டார்ட், ரன், 'கமாண்ட்' என்று அடிக்க, ஒரு கறுப்புத் திரை வந்தது. அது டாட் காம் வகை. அதன் பதிவை யாரும் தொடவில்லை. அதற்குள் போய் ரெஜெடிட் டாட் ஈஎக்ஸ்ஈ-க்கு ரெஜெடிட் டாட் காம் என்று ஒரு நகல் எடுத்து, அதை ஓட்டச் சொன்னார். ஓடியது! பெயரை மாற்றினால் எப்படி ஓடும்? விண்டோஸ் ஓட்டும்போது வாலைப் பார்ப்பதில்லை, தலையைப் பார்க்கிறது. ஒவ்வொரு டாட் ஈஎக்ஸ்ஈ-யின் முதல் இரண்டு எழுத்து எம், இசட். மைக்ரோசாஃப்டில் டாஸ் காலத்தில் இந்த வடிவத்தை உருவாக்கிய மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் இனிஷியல் அது. பையன் நோட்பேடில் பார்த்தானே கிறுக்கல், அதன் ஆரம்பத்திலேயே இருந்திருக்கும் அந்த மனிதரின் கையெழுத்து.

செக்ஃபைலை அடித்துவிட்டு எக்ஸிஃபைல் என்று எழுதினேன். கால்குலேட்டரைத் தட்டினேன். திறந்தது. பத்து நிமிட வேலை.

நண்பர் கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. "எக்ஸெல்லைத் தட்டாம நேரா அந்த ஃபைலைத் தட்டியிருந்தா அப்பவே திறந்திருக்கும் சார். அதோட பதிவு வேற. அட, பென் டிரைவ்ல காப்பி எடுக்கறதுக்கு எது தடுத்துச்சு?" ஒன்றும் தடுக்கவில்லை. டெஸ்க்டாப்பில் எக்ஸெல்லைத் திறந்து, அதற்குள்ளிருந்து கோப்பைத் தேடுவதுதான் எனக்குப் பழக்கம். வாசல் கதவு திறக்கவில்லை என்றதும் வீடே போச்சு என்று நினைத்துவிட்டேன்.

இன்றைய விண்டோஸிலும் அந்த ஏழு எழுத்து இருக்கிறது. ஆனால் புரோகிராம் திறக்காததற்கெல்லாம் அதுவே காரணம் என்று போய்க் கை வைக்காதீர்கள். எல்லாமே திறக்கவில்லையா, ஒன்று மட்டுமா என்று முதலில் பாருங்கள். ஒன்று மட்டும் என்றால், அதற்குத் துணையாக இருக்க வேண்டிய டிஎல்எல் கோப்பு காணாமல் போயிருக்கலாம். விண்டோஸ் 98 காலத்துப் பழைய 16 பிட் சரக்கு என்றால், இன்றைய 64 பிட் விண்டோஸில் தலைகீழாக நின்றாலும் ஓடாது. எல்லாமே மக்கர் என்றால்தான் ரெஜிஸ்ட்ரிப் பக்கம் சந்தேகம் வர வேண்டும். அங்கே எதைத் தொடுவதற்கு முன்னாலும் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஒரு நகல் எடுத்துவிடுங்கள். எதற்கும் முன்னால், உங்கள் கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள். ரிப்பேர்காரர் சிடியோ பென் டிரைவோ எடுத்த பிறகு இல்லை, அவர் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால்.

அன்று ராத்திரி மொய் நோட்டு பதினோரு பக்கம் பிரின்ட் எடுத்தேன். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்து இறங்கினார். தேனி வீட்டுக்கு நேரே 501 என்று இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் அப்பா ஏதோ சின்னதாக எழுதியிருந்தார்.

"என்னம்மா அது?"

"ஒரு மூட்டை அரிசி, பந்திக்கு, ராத்திரியோட ராத்திரியா வண்டி வச்சுக் கொண்டாந்ததுன்னு எழுதியிருக்காரு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு மறந்தே போச்சுப்பா. 501-தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

மறுநாள் காலை ரிப்பேர் தம்பி போன் செய்து, வரட்டுமா சார் என்று கேட்டபோது நான் அரிசி மண்டியில் விலை விசாரித்துக்கொண்டிருந்தேன்.