ஒரு சொல்லைத் தேடி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

“பார்ட்னருன்னா என்ன தம்பி? கடைக்குப் பணம் போட்டுக் கூட்டு சேர்றாங்களே, அவங்களா?”

என் தந்தையார் இவ்வாறு கேட்டபோது, ஆங்கிலக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் விழித்து நின்றேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் தெருவில் யாருக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். அப்படிப்பட்ட என்னால் ஒரே ஒரு சொல்லுக்கு என் வீட்டாரிடம் பொருள் சொல்ல முடியவில்லை. அச்சொல்லைத் தேடிய கதையையே இம்மலரில் எழுத விழைகின்றேன்.

என் அண்ணன் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தவர். சிங்கப்பூரில் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு, தற்காலிக வேலை விசாவில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்றார். நான் கட்டும் கட்டணமும் உடுத்தும் சட்டையும் அவர் கண் எரிய உழைத்த பணத்தில் வந்தவை. அங்கே அவருக்கு ஒரு பெண்மணியின் அன்பு கிடைத்தது. சிறு வயதில் பெற்றோருடன் யாழ்ப்பாணத்திலிருந்து சென்று அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அவர். மணமுறிவு ஆனவர். ஏழு வயதில் ஒரு பெண் குழந்தையும் உண்டு.

அப்பா கொத்தனார். “ஏற்கெனவே கல்யாணமாகிக் கையில புள்ளையோட இருக்கிறவளா?” என்று ஒரு முறை கேட்டவர், அத்துடன் அண்ணனிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். அண்ணனோ, “அப்பா வந்து நிற்காமல் தாலி கட்ட மாட்டேன். அவளை விட்டும் போக மாட்டேன்” என்றார். இரு பக்கமும் பிடிவாதம். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் திருமணமாகாமலேயே ஒரே வீட்டில் வாழ்ந்து வந்தனர். விடுதி நண்பர்கள் கேட்டால், “அண்ணன் கூட்டாளிகளோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்” என்று நான் பொய் சொல்லி வந்தேன்.

சென்ற ஆண்டு அண்ணனின் வேலை விசா முடியும் காலம் நெருங்கிற்று. துணைவர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று முடிவு செய்தார். திருமணம் ஆகாதவர்களுக்கும் அந்நாட்டுச் சட்டம் இடம் தருகின்றது என்பதை அப்போதுதான் அறிந்தேன். 1958ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் இத்தகையோரை ‘டி ஃபாக்டோ’ இணையர் என்கின்றது. இலத்தீன் மொழியில் அதற்கு ‘உண்மை நிலையில்’ என்று பொருள். பொதுவாக, விண்ணப்பிக்கும் முன் குறைந்தது 12 மாதங்கள் அவ்வுறவு நிலைத்திருக்க வேண்டும். கட்டணமோ 9,000 டாலருக்கும் மேல். முதலில் 820 என்ற எண்ணுடைய தற்காலிக விசா கிடைக்கும். விண்ணப்பித்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆன பின்பும் உறவு தொடர்ந்தால் 801 என்ற நிரந்தர விசாவுக்குப் பரிசீலிப்பார்கள். கனடாவிலும் ஓராண்டு இணைந்து வாழ்ந்தவர்களை இவ்வாறு ஏற்பதுண்டு. நம் நாட்டிலும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், திருமணம் போன்ற உறவில் வாழும் பெண்ணுக்கும் பாதுகாப்புத் தருகின்றது.

ஆனால் சட்டம் இடம் தந்தால் மட்டும் போதுமா? மெய்ப்பிக்க வேண்டுமே! மணச் சான்றிதழ் உள்ளவர்களே தங்கள் உறவு மெய்யானது என்று காட்டியாக வேண்டும். அதுவும் இல்லாதவர்கள் பாடு கேட்கவே வேண்டாம். எங்கள் ஆய்வகத்தில் ஓர் உப்பைக் கொடுத்தால், நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லிவிட முடியாது. முதல்நிலைச் சோதனைகளைச் செய்து, இறுதியில் உறுதிச் சோதனையும் செய்தாக வேண்டும். அங்கும் அப்படித்தான். பணம், இல்லம், சமூகம், மன உறுதி என நான்கு வகையில் ஓர் உறவை ஆராய்கின்றனர். கூட்டு வங்கிக் கணக்கு உண்டா? வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் உண்டா? வீட்டு வேலையை எப்படிப் பகிர்ந்து கொள்கிறார்கள்? குழந்தையை வளர்ப்பதில் இருவருக்கும் பங்குண்டா? உற்றாரும் நண்பர்களும் இவர்களை இணையராக அறிவார்களா?

காலையில் குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் அண்ணன் பட்டறைக்குப் போகிறார். எல்லாச் சான்றும் அவரிடம் இருந்தன. அந்தப் பெண்மணியின் பெற்றோரும் கடிதம் எழுதித் தந்துவிட்டனர். எங்கள் வீட்டிலிருந்துதான் ஒன்றும் போகவில்லை. “கட்டாயமில்லை தம்பி. ஆனா அப்பா ஒரு வரி எழுதினா...” என்று தொலைபேசியில் சொன்ன அண்ணன் அதற்கு மேல் பேசவில்லை.

அன்றிரவே அகராதியைப் புரட்டி, ஆங்கிலத்தில் கடிதம் ஒன்று எழுதி அப்பாவிடம் நீட்டினேன். தயங்கித் தயங்கி வாசித்தும் காட்டினேன். அப்போதுதான் அவர் ‘பார்ட்னர்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

“துணைன்னு அர்த்தம்ப்பா” என்றேன்.

“துணைன்னா வழித்துணை. ஊரு வந்ததும் அவங்கவங்க பாதையில போயிடுவாங்க” என்றார்.

அடுப்பங்கரையிலிருந்து அம்மா மெதுவாகக் கேட்டார்: “நமக்கு மட்டும் என்ன சாட்சி இருக்கு? கல்யாண போட்டோவைக் கரையான் தின்னுடுச்சு. ரிஜிஸ்தர் ஆபீசுப் பக்கமே நாம போனதில்ல. நாளைக்கு ஒருத்தன் வந்து, நீ இவருக்குப் பொண்டாட்டின்னு காட்டுன்னா, ரேஷன் கார்டைத்தானே காட்டணும்?”

தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009ஆம் ஆண்டில்தான் வந்தது. என் பெற்றோர் மணம் முடித்தது அதற்கு வெகு காலம் முன்பு.

“முப்பது வருஷமா ஒண்ணா இருக்கோமே, அது போதாதா?” என்று அப்பா சீறினார்.

“அதைத்தானே உங்க மவனும் சொல்றான்!”

வீட்டில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு அப்பா என்னைப் பார்த்து, “எனக்குத் தெரியாத பாஷையில கையெழுத்துப் போட மாட்டேன். தமிழ்ல எழுதினா வாங்கிப்பாங்களா?” என்று கேட்டார். அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்கிச் சேர்த்துக் கொடுத்தால் ஏற்பார்கள் என்றேன். என் ஆய்வகக் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வாங்கிக்கொண்டார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கரணை பிடித்துக் காய்ப்பேறிய விரல்களால் அரைமணி நேரம் எழுதினார்.

“என் மகன் இந்தப் பெண்ணோடும் குழந்தையோடும் குடும்பம் நடத்துவது எனக்குத் தெரியும். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு நான்தான் காரணம். அவள் என் மருமகள். குழந்தை என் பேத்தி.”

நான் அகராதியில் தேடிக் கிடைக்காத சொல்லை அப்பா தமக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்! ஆங்கிலத்தில் மருமகளைக் குறிக்கும் சொல்லோடு ‘சட்டம்’ என்பதும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. நம் சொல்லில் மகள்தான் இருக்கிறாள்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. முடிவு வரும்வரை அண்ணன் இடைக்கால விசாவில் அங்கேயே இருக்கலாம். கடிதம் கிடைத்த மறுநாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். இம்முறை அப்பாவே பேசினார். ஆனால் குழந்தை சாப்பிட்டதா என்பதற்கு மேல் அவருக்குப் பேச்சு எழவில்லை. அடுத்து நான் வாங்கிப் பேசியபோது, மறுமுனையில் இருந்தவர் அந்தப் பெண்மணி. இத்தனை நாளும் பெயரோ முறையோ சொல்லாமல் மழுப்பி வந்தவன், “அண்ணி, நல்லா இருக்கீங்களா?” என்றேன்.

நண்பர்களே, என் அண்ணன் கூட்டாளிகளோடு அறை எடுத்துத் தங்கவில்லை. என் அண்ணியோடும் அவர்கள் மகளோடும் வாழ்கிறார். உங்களிடம் நான் சொன்ன பொய்க்கு இக்கட்டுரையே பரிகாரமாகட்டும்.