சின்ன மாத்தம்தாம்மா

உறையூரில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார், இப்போது மகளோடு ஸ்ரீரங்கத்தில், போய்ப் பார் என்றார் நண்பர். கல்லைப் பற்றி எழுதத்தான் போனேன்.

அடையவளஞ்சான் தெருவில் ஒரு மாடி வீடு. பெரியவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். எதிரே மகள், மடிக்கணினியில். தனியாளாக வெப்சைட் செய்து தருகிறவர்.

"வியாபாரி கல்லைக் கொடுப்பான். தீட்டிக் கொடுத்தா, கல்லுக்கு இவ்வளவுன்னு அவனே சொல்வான். உடைஞ்சா நம்ம கணக்கு" என்றார் பெரியவர். மெஷினில் தீட்டிய கல் வெளியிலிருந்து வந்து இறங்கியதும் அந்த விலையும் படுத்துவிட்டது.

மகள் திரும்பாமலே சொன்னார்: "அப்பாவுக்குக் கல்லு, எனக்குப் பக்கம். போன் எடுத்ததுமே 'பக்கத்துக்கு எவ்வளவு'ன்னுதான் சார் கேக்கறாங்க."

அப்புறம் ஒரு நீளக் கணக்கு நோட்டை எடுத்துப் போட்டார். நான் போன காரியம் அதோடு சரி.

அம்மா மண்டபம் பக்கத்து விடுதி ஒன்றின் வேலை. 6 பக்கம், பக்கத்துக்கு 2,000, ஆக 12,000 ரூபாய் என்று ஒப்புக்கொண்டது. கோயிலில் பகல் பத்து உற்சவம் தொடங்குவதற்குள் வேண்டும் என்று அவசரம் வேறு. நோட்டில் வரிசையாக: 'லோகோ நிறம் – 25 நிமிடம்.' 'படம் மங்கல், திரும்பக் கேட்டது – 15.' 'சின்ன மாத்தம் – 40.' 'சின்ன மாத்தம் – 1 மணி 10.' கடைசியில் கூட்டல்: 71 மணி நேரம். மணிக்கு 169 ரூபாய். கரண்டும் மடிக்கணினித் தவணையும் அதற்குள்ளேதான்.

ஒரு வரியில் 'காவிரி – 3 மணி' என்றிருந்தது. என்ன இது என்றேன். விடுதிக்காரர் அனுப்பியது அச்சகத்தில் வானவில் எழுத்துருவில் அடித்த நோட்டீஸ். யூனிகோடுக்கு மாற்றும்போது ரகரம் இருக்கவேண்டிய இடத்தில் துணைக்கால் வந்து உட்கார்ந்துவிடும். திரையில் காட்டினார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. "கூகுள்ல காவிரின்னு தேடினா இந்தப் பக்கம் கிடைக்காது சார்." வரிவரியாகத் திருத்தியிருக்கிறார். வாடிக்கையாளர் கண்ணுக்கே தெரியாத வேலைக்கு எந்தப் பக்கக் கணக்கில் கூலி கேட்பது?

 

நோட்டு வந்த பிறகு விலை சொல்லும் விதமே மாறிவிட்டதாம். வீட்டுக்கும் தொழிலுக்கும் மாதம் 45,000 வேண்டும். 22 நாள், ஆனால் காசு பெயரும் நேரம் நாளுக்கு 4 மணிதான். மற்றதெல்லாம் போன், பேச்சு, பாக்கி வசூல். 88 மணிக்கு வகுத்தால் 511. வேலை வராத மாதத்துக்கும் சேர்த்து 600. முன்பணம் 40 சதவீதம். திருத்தம் இரண்டு தடவை சும்மா, மூன்றாவதிலிருந்து மணிக்கணக்கு. முழுப்பணம் வந்தபிறகே இணையத்தில் ஏற்றுவது.

நடுவில் ஒரு நிறுவனத்துக்குச் செய்து கொடுத்த கதையும் உண்டு. இவருக்கு 9,000, வாடிக்கையாளரிடம் அவர்கள் வாங்கியது 60,000. அந்த வாடிக்கையாளரே ஒருநாள் நேரில் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. ஆள் பிடிக்கவும், பணம் வராத ஆபத்தைச் சுமக்கவும் ஒரு பங்கு எடுக்கட்டும், நியாயம்தான். ஆறில் ஐந்துக்கும் மேலேயா? கல் வியாபாரியாவது முகத்தைப் பார்த்து விலை சொன்னான். எனக்கு வந்த கோபம் மகளுக்கு வரவில்லை. அடுத்த ஏட்டைப் புரட்டிவிட்டார். அச்சுக்குப் போகிற கட்டுரைக்கு இதுவரை கூலி கேட்டறியாத நான் கோபப்படுவதும் ஒரு வேடிக்கைதான்.

கிளம்பும்போது போன் அடித்தது. ஒரு சமையல் காண்ட்ராக்டர். தை முகூர்த்தத்துக்குள் வேண்டும். மகள் 24,000 சொல்லியிருந்தார் போல.

"மச்சான் பையன் அஞ்சாயிரத்துக்குப் போட்டுத் தர்றேங்கறாம்மா. ஒரு 18 வெச்சுக்கயேன்."

"18-க்கும் பண்ணலாம்ண்ணே. தமிழ்ப் பக்கம் இருக்காது, இங்கிலீஷ் மட்டும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கல்யாண வீட்டுக்காரங்க தமிழ்லதானம்மா பாப்பாங்க. நாளைக்குச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு, நோட்டில் எழுதினார்: 'காண்ட்ராக்டர், விலை பேசியது – 10 நிமிடம்.'