83 குறிப்புகள்

சிற்றிதழ்ச் சேகரிப்பு என்பது பெரும்பாலும் ஒரு தனிமனிதரின் பிடிவாதம். அத்தகைய பிடிவாதம் ஒன்று, கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருடைய வீட்டு மாடியில், நான்கு இரும்பு அலமாரிகளில் அடுக்கப்பட்டிருக்கிறது. எழுத்து, நடை, கசடதபற, பிரக்ஞை, கொல்லிப்பாவை; பெயர்கூட நினைவில் நிற்காத, இரண்டு இதழோடு நின்றுபோன இன்னும் பல. எதுவும் முழுத்தொகுதி என்று சொல்லத்தக்கதாக இல்லை. ஆயினும் 1,140 இதழ்கள். அவற்றுக்கு ஓர் அட்டவணை செய்துதருகிறோம் என்று அவரிடம் நாங்கள் வாக்குக் கொடுத்தோம். எங்களில் இருவர் மென்பொருள் துறையில் பிழைப்பவர்கள். அதனால் வந்த துணிச்சல். அதனாலேயே வந்த விபத்தும்.

நண்பர் ஒருவர் எழுதித்தந்த சிறிய மென்பொருளில் அட்டவணை அமைந்தது. ஓர் இதழுக்கு ஒரு பதிவு. தலைப்பு, ஆண்டு, இதழ் எண், ஆசிரியர், உள்ளடக்கம், கடைசியில் 'குறிப்பு' என்றொரு பெட்டி. உள்ளடக்கத்தை நாங்கள் எங்கள் ஊர்களில் இருந்தபடி விரிதாள்களில் தட்டச்சு செய்தோம். சார் தம் வீட்டுக் கணினியில், பேரனின் உதவியோடு, நேரடியாக அட்டவணைக்குள் சென்று குறிப்புப் பெட்டியை நிரப்பிவந்தார். அவர் ஏதோ எழுதுகிறார் என்பது எங்களுக்குத் தெரியும். எவ்வளவு எழுதுகிறார், என்ன எழுதுகிறார் என்று நாங்கள் பார்க்கவில்லை. இதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

விரிதாள்கள் வாரந்தோறும் மாறிக்கொண்டிருந்தன. மாற்றங்களைக் கையால் அட்டவணைக்குக் கடத்துவது இயலாத காரியம். எனவே அபாச்சி நைஃபை என்னும் மென்பொருளைக் கொண்டு ஒரு தரவுக்குழாய் அமைத்தோம். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையில் 'நயாகராஃபைல்ஸ்' என்ற பெயரில் உருவாகி, 2014இல் அபாச்சி அறக்கட்டளைக்கு அளிக்கப்பட்ட பொதுவுடைமை மென்பொருள் அது. பெயரில் நயாகரா இருந்தாலும் வேலை என்னவோ நம்மூர் வாய்க்கால் வேலைதான். திரையில் மடைகளும் மடைகளுக்கிடையே ஓடைகளுமாக வரைந்துகொள்கிறோம். ஓர் ஓடையில் 10,000 கோப்புகள் தேங்கினால், மேல்மடை தானாக அடைபட்டுக்கொள்ளும். அந்த எண்ணை மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். நீர்கட்டி ஒருவர் வரப்பில் நின்று செய்கிற காரியத்தையே அது செய்கிறது.

கடைசி மடையின் பெயர் இன்வோக்எச்டிடிபி. தன்னிடம் வந்துசேரும் கோப்பை எடுத்து, குறிப்பிட்ட முகவரிக்கு வலைவழியே அனுப்பி, விடையை வாங்கிவருவது அதன் பணி. எந்த முகவரி, எந்த வினைச்சொல், எந்தத் தலைப்புகள் என்பதையெல்லாம் நாம்தான் நிரப்பவேண்டும். முகவரியில் பதிவின் எண்ணுக்கு மட்டும் ஓர் இடத்தை விட்டுவைத்தால், ஒவ்வொரு கோப்புக்கும் அதற்குரிய எண்ணைத் தானே இட்டுக்கொள்ளும். இதில் சிரமம் ஒன்றுமில்லை.

சிரமம் வினைச்சொல்லில் இருந்தது. புதிதாக ஒன்றைச் சேர்க்க போஸ்ட். இருப்பதை மாற்ற புட். நாங்கள் புட்டைத் தேர்ந்தோம். அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தோம். வலையிணைப்பு நடுவில் அறுந்து, அனுப்பியது போய்ச்சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் போகிற தருணங்கள் உண்டு. அப்போது போஸ்ட்டை மறுபடி அனுப்பினால் ஒரே இதழுக்கு இரண்டு பதிவுகள் முளைத்துவிடக்கூடும். புட்டை எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றே. இந்த நியாயத்தை எங்களுக்குள் பலமுறை சொல்லிச் சிலாகித்துக்கொண்டோம் என்பதும் உண்மை.

ஒரு சனிக்கிழமை இரவு குழாயைத் திறந்தோம். 1,140 கோப்புகள். 1,140 தடவை 200 என்ற விடை. ஒரு பிழைகூட இல்லை. நள்ளிரவில் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் செய்தி அனுப்பிக்கொண்டு உறங்கப்போனோம்.

காலை ஏழு மணிக்குச் சாரிடமிருந்து தொலைபேசி. "தம்பி, நான் எழுதினதெல்லாம் எங்க போச்சு? பேரன் ஏதும் அழுத்திட்டானான்னு கேட்டேன், இல்லேங்கறான்."

பேரன் எதையும் அழுத்தவில்லை. புட் என்ற சொல்லுக்கு எச்டிடிபி நெறிமுறை தரும் பொருள் மிகத் தெளிவானது: இந்த முகவரியில் இருப்பதை எடுத்துவிட்டு, நான் அனுப்புவதை அங்கே வை. நாங்கள் அனுப்பிய கோப்பில் தலைப்பு இருந்தது, ஆண்டு இருந்தது, உள்ளடக்கம் இருந்தது. குறிப்பு இல்லை, ஏனெனில் விரிதாளில் அப்படியொரு பத்தியே இல்லை. ஆகவே, புதிய பதிவிலும் குறிப்பு இல்லை. அட்டவணை சொன்னதைச் செய்தது. 200 என்று மரியாதையாகப் பதிலும் சொன்னது. ஆடிப் பதினெட்டில் பழைய ஏடுகளை ஆற்றோடு விட்டதைப் பற்றி உ.வே.சா. எழுதியிருப்பதைப் படித்து வருந்தியவர்கள் நாங்கள். ஆற்றோரம் நின்றவர்களும் ஒரு கடமையை முடித்த திருப்தியோடுதான் வீடு திரும்பியிருப்பார்கள் என்று அன்று காலை தோன்றிற்று.

அழிந்தவை 286 குறிப்புகள். அட்டவணையின் காப்புநகல் மூன்று வாரங்களுக்கு முந்தையது. அதிலிருந்து 203 மீண்டன. மிச்சம் 83.

மீண்டவற்றை அன்றுதான் முதன்முறையாக ஒழுங்காகப் படித்தோம். அட்டவணைக் குறிப்பு என்றால் பக்கம் கிழிந்திருக்கிறது, அட்டை இல்லை என்ற அளவில் இருக்கும் என்று எண்ணியிருந்தோம். ஓர் இதழ் மன்னார்குடியில் ஒரு தபால்காரரிடமிருந்து வாங்கியது. அவருக்கு வந்த சந்தா இதழ் அல்ல, முகவரிதாரர் இறந்துவிட்டதால் திரும்ப வேண்டியது. இன்னொன்றில் பதினான்காம் பக்கம் இல்லாததற்குக் காரணம் சாரின் மகள், அப்போது இரண்டு வயது. வேறொன்றில் வெளியான கவிதைக்குக் கீழே பென்சிலில் உள்ள திருத்தம் கவிஞரே வீட்டுக்கு வந்தபோது போட்டது. ஓர் இதழுக்கு ஒரே வரி: "இதை வாங்கிய அன்று கையில் பஸ்ஸுக்குக் காசில்லை, நடந்தே வந்தேன்." 203 குறிப்புகள் இப்படி என்றால் அந்த 83இல் என்னென்ன இருந்தன?

இதில் எங்களை இன்றும் உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. நைஃபை தன் வழியாகச் சென்ற ஒவ்வொரு கோப்பின் தடத்தையும் பதிந்துவைக்கிறது; உள்ளடக்கத்தையும் சிலகாலம் பாதுகாக்கிறது. அன்றிரவு எழுதுவதற்கு முன்னால் அந்த 1,140 பதிவுகளையும் கெட் என்ற வினையால் ஒருமுறை வாங்கிப் பார்த்திருந்தால் போதும், 83 குறிப்புகளும் எங்கள் குழாயின் ஏதோவொரு மூலையில் கிடைத்திருக்கும். நாங்கள் வாங்கிப் பார்க்கவில்லை.

அடுத்து பேட்ச் என்ற வினைக்கு மாறினோம். முழுவதையும் மாற்றாமல், மாறியதை மட்டும் சொல்வது. இதன் வரலாறு சுவையானது. 1997இல் எச்டிடிபி 1.1இன் முதல் வரைவில் பின்னிணைப்பாக இடம்பெற்று, 1999இன் திருத்தத்தில் விடுபட்டு, 2010 மார்ச்சில்தான் தனித்தரமாக நிலைபெற்றது. 'இதை மட்டும் மாற்று' என்று முறைப்படி சொல்ல இணையத்துக்கு 13 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. இதிலும் ஒரு பள்ளம் உண்டு. ஜேசான் வடிவில் பேட்ச் அனுப்பும் ஒரு முறையில், ஒரு புலத்தைச் சொல்லாமல் விட்டால் 'தொடாதே' என்று பொருள். அதையே 'நல்' என்று அனுப்பினால் 'அழித்துவிடு' என்று பொருள். விரிதாளின் காலிக்கட்டங்கள் எல்லாம் எங்கள் குழாயில் நல் ஆகிக்கொண்டிருந்தன. நல்லவேளையாக, இம்முறை ஐந்து பதிவுகளை வைத்துச் சோதித்துப் பார்க்கும் புத்தி வந்திருந்தது.

குறிப்புகள் பிழைத்தன. விஷயம் முடிந்தது என்றே நினைத்தோம்.

இரண்டு மாதம் கழித்துக் கும்பகோணம் சென்றபோது, பேச்சுவாக்கில் சார் ஓர் இதழை எடுத்துக் காட்டினார். அட்டையில் ஜனவரி என்றிருக்கிறது. ஆனால் அது வந்தது மார்ச்சில். சுற்றி வந்த தாளை, தபால் முத்திரையோடு, உள்ளேயே வைத்திருக்கிறார். அட்டவணையில் மாதத்தை அவர் மார்ச் என்று திருத்தியிருக்கிறார். அந்த வாரக் கடைசியில் அது ஜனவரி ஆகிவிட்டது. மறுபடி திருத்தியிருக்கிறார். மறுபடியும் ஜனவரி. மூன்றாம் முறையும். "நீங்க படிச்சவங்க. நீங்க மாத்தினா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார்.

எங்களிடம் காரணம் எதுவும் இல்லை. விரிதாளில் ஜனவரி என்றிருந்தது. குழாய் வாரந்தோறும் அதை ஊற்றிக்கொண்டிருந்தது.

கணினித் துறையில் இதற்குப் பெயரே உண்டு: தொலைந்த திருத்தம். 1999இல் டபிள்யூ3சி அமைப்பு இதைப்பற்றி ஒரு தனிக் குறிப்பே வெளியிட்டிருக்கிறது. மருந்தும் எச்டிடிபிக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பதிவைப் படிக்கும்போது சேவையகம் அதனுடன் ஈடேக் என்றொரு முத்திரையையும் தரும். பதிவு மாறினால் முத்திரையும் மாறும். திருத்தம் அனுப்பும்போது இஃப்-மேட்ச் என்ற தலைப்பில் நம் கையிலுள்ள முத்திரையைக் காட்டவேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் 412 என்ற விடை வரும். அதாவது, நீ பார்த்தபிறகு வேறொருவர் இதைத் தொட்டிருக்கிறார்.

நாங்கள் இதையும் முதலில் தவறாகவே செய்தோம். பேட்ச் மடைக்கு முன்னால் ஒரு கெட் மடையை வைத்தோம். விடையின் தலைப்புகளை மூலக் கோப்பிலும் ஒட்டும்படி அதில் ஒரு தெரிவு உண்டு, இயல்பில் அணைந்திருக்கும். அதைத் தேடிப்பிடித்து ஏற்றினோம். வந்த முத்திரையை அப்படியே அடுத்த மடையில் இஃப்-மேட்ச்சுக்குக் கொடுத்தோம். ஒரு 412கூட வரவில்லை. வராது. ஒரு நொடிக்கு முன் வாங்கிய முத்திரையை ஒரு நொடி கழித்துக் காட்டினால் எப்படிப் பொருந்தாமல் போகும்? நேற்று சார் திருத்தியதன் முத்திரையையே வாங்கி, அதைக் காட்டியே அவருடைய திருத்தத்தை அழித்துக்கொண்டிருந்தோம். இயந்திரம் எப்போது பார்த்தது என்பது இங்கே கேள்வியே அல்ல. விரிதாளில் தட்டச்சு செய்த எங்கள் கண் எப்போது பார்த்தது என்பதே கேள்வி. முத்திரை அந்த நேரத்தினுடையதாக இருக்கவேண்டும். ஆகவே விரிதாளிலேயே ஒரு பத்தி சேர்த்து, அட்டவணையிலிருந்து வரியை இறக்கிய அன்றைய முத்திரையை அதில் இருத்தினோம். இஃப்-மேட்ச் இல்லாமல் வரும் திருத்தங்களை 428 என்று திருப்பியனுப்பும்படி அட்டவணையையும் மாற்றிவிட்டார் நண்பர்.

அதற்குப் பிறகும் 412 எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. எண்ணிப் பார்த்தால் 1,140 புறப்பட்டு 1,129 மட்டுமே சேர்ந்திருந்தன. இன்வோக்எச்டிடிபிக்கு ஐந்து வெளிவாய்கள். நைஃபை அவற்றை 'உறவு' என்று அழைக்கிறது. சேவையகம் தடுமாறி 500 வரிசையில் விடை தந்தால் கோப்பு ரீட்ரை என்ற வாய்க்குப் போகும். 400 வரிசை எல்லாம் நோ ரீட்ரை. 'சற்றுப் பொறுத்து வா' என்னும் 429கூட இதிலேதான் விழுகிறது. அதைத் தனியே பிரித்துக் காத்திருக்க வைப்பது நம் பொறுப்பு. எங்கும் இணைக்கப்படாத வாய் திறந்திருந்தால் மடை இயங்காது. எனவே, தொடக்கத்திலேயே, அவசரத்தில், நோ ரீட்ரைக்கு நேரே 'முடித்துவிடு' என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தோம். மறுக்கப்பட்ட 11 கோப்புகளும் அந்த வழியே சத்தமின்றிப் போய்விட்டன. குறியை நீக்கி, அந்த வாயிலிருந்து ஓர் ஓடையை இழுத்து, அதன் மறுமுனையில் நிறுத்திவைக்கப்பட்ட ஒரு மடையை வைத்து மறுபடி ஓட்டினோம். 11 கோப்புகள் வந்து தேங்கி நின்றன.

ஒவ்வொன்றாகத் திறந்தோம். பதினொன்றிலும் நாங்கள் பார்த்தபின் சார் ஏதோ எழுதியிருந்தார். நான்கைத் தொலைபேசியிலேயே பேசி முடித்தாயிற்று. நான்கிலும் அவர் சொன்னதே சரி. மீதி ஏழில் இரண்டு, தொலைந்த 83இல் அவர் நினைவிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கியிருப்பவை. பாதி வாக்கியத்தில் நிற்கின்றன.

வரும் சனிக்கிழமை அந்த ஏழையும் எடுத்துக்கொண்டு கும்பகோணம் போகிறோம். கண் அறுவைக்குப் பிறகு திரையைப் பார்க்கக் கூசுகிறதாம். தாளில், பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.