உறைமோர்

தாராவித் தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய ஒற்றை அறை வீடு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளவயதில் வந்த அந்த மூதாட்டிக்கு இன்று மகனின் பெயர் நினைவில் இல்லை. ஆயினும் மாலையில் பால் ஆறும் வேளையில், "உறை ஊத்தியாச்சா?" என்று கேட்க அவர் தவறுவதில்லை.

மருமகள் மாட்டுங்காவில் ஒரு வீட்டில் சமையல் செய்பவர். புரோபயாடிக் பால் மறதிநோயைத் தணிக்கும் என்று அவ்வீட்டார் சொன்ன செய்தியை நம்பி, சம்பளத்தில் ஒரு பங்கைப் புட்டிப் பாலுக்கு ஒதுக்கினார்.

அச்செய்தி முற்றிலும் கட்டுக்கதை அன்று. ஈரானின் காஷான் நகரில் அல்சைமர் நோயாளிகள் 60 பேரிடம் நடத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தது. நாள்தோறும் 200 மி.லி. புரோபயாடிக் பாலை 12 வாரங்கள் அருந்தியவர்களின் அறிதிறன் மதிப்பெண், சாதாரணப் பால் அருந்தியவர்களினும் மேம்பட்டது. ஆனால், நோய் முற்றியவர்களுக்கு மாத்திரை வடிவில் கொடுத்து 2018இல் வெளியான ஆய்வில் அத்தகைய முன்னேற்றம் தென்படவில்லை. சிறு குழுக்களையும் சில வாரங்களையும் கொண்டு முடிவு கட்டுதல் இயலாது. மேலும், ஆய்வுப் பாலில் நுண்ணுயிரின் வகையும் அளவும் வரையறுக்கப்பட்டவை. வீட்டுத் தயிர் நல்லுணவே எனினும் அதற்கு அவ்வரையறை கிடையாது.

மூதாட்டி மாலைதோறும் கூச்சலிட்டார். உடையைப் பிடித்து இழுத்தார். நோய் முற்றுகிறது என்றே வீட்டார் எண்ணினர். செம்பூர் மருத்துவர் முதலில் கேட்டது நினைவாற்றலைப் பற்றியன்று. அவர் கடைசியாக வெளிக்குப் போனது எப்போது என்பதையே. ஐந்து நாள் ஆகியிருந்தது.

மறதிநோய் பெயர்களை மட்டும் கொண்டுபோவதில்லை. வலியைச் சொல்லும் சொல்லையும் கொண்டுபோகிறது. 'வயிறு வலிக்கிறது' என்னும் இரு சொற்கள் கைக்கு எட்டாதபோது உடல் கூச்சலாகப் பேசுகிறது. குறைந்த நீர், குறைந்த நடமாட்டம், சில மருந்துகள் ஆகியவை முதுமையில் மலச்சிக்கலை எளிதில் வரவழைக்கின்றன. அதைக் கவனியாமல் நினைவை மீட்க முயல்வது, கண்முன் உள்ள துன்பத்தைத் தாண்டிச் செல்வதாகும்.

மலமிளக்கி, போதிய நீர், வராந்தாவில் சிறு நடை என்று பராமரிப்பு மாறியது. கூச்சல் தணிந்தது, மகனின் பெயர் திரும்பவில்லை. புட்டிப் பால் நின்றது. வீட்டுத் தயிர் தொடர்கிறது; அது அவருக்குப் பிடிக்கும், விழுங்கவும் எளிது. சுவரிலுள்ள நாட்காட்டியில் மருமகள் இப்போது, அத்தை வெளிக்குப் போன நாள்களைச் சிறு புள்ளியிட்டுக் குறித்துவருகிறார்.