சத்தம் வருது சார், வசனம்தான் வரல

கம்ப்யூட்டர்ல 5.1 சவுண்டு கேக்க ஆசைப்படுறவங்களுக்கு ஒரு திரெட். ஆம்ப்ளிஃபையர் இல்லாதவங்களும் கடைசி வரை படிங்க. (அவர் சம்மதத்தோடதான் எழுதுறேன், சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

ஒரகடத்துல என் வீட்டு மாடியில ஒரு தம்பி. பிரஸ் ஷாப்ல 9 வருஷமா கான்ட்ராக்ட் வேலை. ரிச்சி ஸ்ட்ரீட் போய் பழைய ஏவி ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கர் செட்டும் வாங்கிட்டு வந்தார். "சத்தம் வருது சார், வசனம்தான் வரல"ன்னு கூப்பிட்டார்.

போய் பாத்தா, கம்ப்யூட்டரோட பச்சை ஜாக்ல இருந்து ஒரே ஒயர். அதுல இடது, வலதுன்னு 2 சேனல்தான் போகும். படத்துல வசனம் பெரும்பாலும் வர்ற சென்டர் ஸ்பீக்கர் சும்மா உக்காந்திருந்தது. வியாதி இதான்னு முடிவு பண்ணிட்டேன்.

வைத்தியம் சுலபம். கிராஃபிக்ஸ் கார்டுல இருந்து எச்டிஎம்ஐ கேபிள் ஆம்ப்ளிஃபையருக்கு, அங்கிருந்து டிவிக்கு. ஆப்டிகல் கேபிள்லயும் 5.1 வரும், ஆனா டால்பி, டிடிஎஸ்னு சுருக்கின ஒலியா இருந்தாதான். சுருக்காத ஒலின்னா வெறும் ஸ்டீரியோ. அப்புறம் விண்டோஸ் சவுண்டு செட்டிங்ல 5.1னு மாத்தி, டெஸ்ட் பட்டனை அழுத்தி ஒவ்வொரு ஸ்பீக்கரா கேட்டுப் பாக்கணும். நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான்.

எல்லாம் பேசுச்சு. எனக்கு வசனம் கண்ணாடி மாதிரி தெளிவு. தம்பி மட்டும் வால்யூமை ஏத்திட்டே போனார். "யாரோ வாய்க்குள்ளயே பேசுற மாதிரி இருக்கு சார்." தமிழ்ப் படத்துக்கு சப்டைட்டில் போட்டுத்தான் பாக்குறாராம்.

எனக்கு சுருக்குனு ஆச்சு. இதே வார்த்தையை ஓபியில எத்தனை தடவை கேட்டிருக்கேன்!

மெஷின் இரைச்சல் காதுல முதல்ல தின்னுறது 3000-லேர்ந்து 6000 ஹெர்ட்ஸ் வரைக்கும். ஸ், ஷ், த், க் மாதிரி ஒலிகளோட கூர்மை அந்தப் பக்கம்தான். அதனால சத்தம் கேக்கும், சொல்லு புரியாது. செத்த செல்லு திரும்ப முளைக்காது.

ஆடியோகிராம்ல ரெண்டு காதுலயும் 4000 ஹெர்ட்ஸ்ல பள்ளம். "இயர் பிளக் குடுத்தாங்க சார். போட்டா சூப்பர்வைசர் கூப்பிடுறது கேக்காதே."

டாக்டர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்ப் பட்டியல்ல இது இருக்கு. சொன்னேன். முகம் வெளுத்துப் போச்சு. "எழுதிடாதீங்க சார், நிறுத்திடுவாங்க."

ஷிஃப்ட் முடிஞ்ச உடனே எடுத்தா தற்காலிக மந்தமும் சேர்ந்து காட்டும். அதனால ஞாயிறு லீவு முடிஞ்சு திங்கள் காலை மறுபடி எடுக்கிறோம். ஃபாரம் இன்னும் என் டிராயர்லதான் இருக்கு. பள்ளம் அப்படியே இருந்தா எழுதித்தான் ஆகணும். அவர்கிட்ட அதை எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.

உங்க வீட்லயும் டிவி சத்தம் கூடிட்டே போனா, லீவு அன்னிக்கு மறுநாள் காலையில, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஜிஎச் காது மூக்கு தொண்டை ஓபிக்கு வாங்க.