மலைப்பாதையும் மொரிஸ் மைனரும்

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதி, ஒருமுறை பயணம் செய்தவரும் எளிதில் மறவாத வீதியாகும். ஒருபுறம் தேயிலைச் சரிவு, மறுபுறம் பள்ளத்தாக்கு. 2,036 மீற்றர் உயர்ந்த நமுனுகுல மலை முகிலைச் சூடி நிற்கும். பிரதான வீதிக்குத் தார் உண்டு. அதனின்று தோட்டத்துக்குள் பிரியும் பாதைக்கோ கல்லே துணை. மழை வெள்ளம் அறுத்த பள்ளங்களில் ஏறி இறங்கித்தான் லயங்களை அடைய வேண்டும்.

1924 இல் பதுளையை எட்டிய இரயில் பாதை, தெமோதரையில் ஒரு வட்டமிட்டு, தான் கடந்துவந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினூடு செல்கின்றது. மலைக்கு இணங்கப் பாதையே வளைந்துகொடுத்தது. தோட்டப் பாதை அப்படி வளைந்துகொடாது. அங்கே வளைந்துகொடுக்க வேண்டியது வண்டியின் வில்லே.

நம்மிடம் இருப்பது மொரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்து, 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்த வண்டி. 1970களின் தொடக்கத்திலேயே அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆயினும் இலங்கை வீதிகளில் அது இன்னும் ஓடுகின்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை, பழைய வண்டி வைத்திருந்தோர் அதனைப் பேணியே தீரவேண்டியிருந்தது. அனுமதி வந்த பின்பும் புதுவண்டியின் விலை நம்மனோர் கைக்கு எட்டுவதாயில்லை.

மழை பெய்த ஓர் இரவு. நம்மிடம் படித்த தோட்டத்து இளைஞன் ஒருவன் கதவைத் தட்டினான். “சேர், அக்காவுக்கு வலி கண்டிருச்சு. பதுளைக்கே கொண்டுபோகச் சொல்லியிருக்காங்க. இந்த மழையில ஆட்டோ ஒண்ணும் வரமாட்டேங்குது” என்றான். உடனே புறப்பட்டோம். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி அடிபட்டது. ஒவ்வோர் அடிக்கும் பின்னாசனத்திலிருந்து ஒரு முனகல் எழுந்தது. ஆஸ்பத்திரியில் தாயும் சேயும் பிழைத்தனர். ஆனால் அம்முனகல் நம் செவியை விட்டு அகலவில்லை.

நண்பர் ஒருவர், புதுவகை ஷொக் அப்சோபர் நான்கும் வாங்கிப் பூட்டினால் குலுக்கம் தீரும் என்றார். அவர் சொன்ன தொகையோ பெரிது. பதுளையில் ஒரு முதிய மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினோம். அவர் ஜாக்கி வைத்து முன்சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ‘டொக்’ என்று ஓர் ஒலி.

“சேர், குலுங்குறது நோயில்லை. நோய் இங்க இருக்கு” என்று அவர் காட்டியது, முன்சில்லைத் தாங்கும் திருகுமூட்டு. டிரன்னியன் என்பர். அதற்குத் தவறாமல் கிறீஸ் ஊட்ட வேண்டும். ஊட்டாவிடின் மரை தேய்ந்து, ஒருநாள் மூட்டு கழன்று, சில்லு மடிந்து, வண்டி அப்பக்கமே சாய்ந்துவிடும். அந்த இரவில், பள்ளத்தாக்கின் ஓரமாக, அதன்மீதே மூன்று உயிர்களை ஏற்றிச் சென்றிருக்கின்றோம் என்றெண்ணியபோது நமக்கு உடல் நடுங்கிற்று.

“புது ஷொக் போட்டா குலுக்கம் தெரியாமப் போகும். ஆனா இதுவும் தெரியாமலே போயிருக்கும்” என்றார் அவர்.

பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து மூட்டுகளும் றப்பர் புஷ்களும் தருவித்தோம். பழைய ஷொக் அப்சோபர்களில் எண்ணெய் வற்றியிருந்தது. கசிவை அடைத்து நிரப்பினார். பின்புற வில்தகடுகளைப் பிரித்துத் துரு போக்கி, முறிந்த ஒன்றை மாற்றி, பட்டறையில் தட்டி மீண்டும் வளைவு கொடுத்தார். பாரம் தாங்க மேலும் ஒரு தகடு சேர்க்கலாமா என்று வினவினோம். ஆளில்லா வேளையில் வண்டி துள்ளும், வளைவில் சில்லு நிலத்தை விடும் என்று மறுத்துவிட்டார். முன்புறம் வில்லின் வேலையைச் செய்வது ஒரு முறுக்குத் தண்டு. தாழ்ந்திருந்த முகப்பை, அத்தண்டைத் திருத்திப் பூட்டியே உயர்த்தினார். அதற்குக் கூலி மட்டுமே செலவு. நண்பர் சொன்ன தொகையில் பாதியும் ஆகவில்லை.

சிறுபொருள் கொண்டு பழைய வண்டியைச் சீர்செய்ய விழைவோர் இவ்வொழுங்கை மனத்திற் கொள்க: முதலில் உயிர் காக்கும் மூட்டுகள், அடுத்துப் புஷ்ஷும் எண்ணெயும், பின்னர் வில், இவையெல்லாம் செம்மையான பின்னும் குறை இருந்தால் மட்டுமே புதுவகை ஷொக் அப்சோபர்.

சத்திரசிகிச்சை செய்திருந்தமையால் அப்பெண் ஆஸ்பத்திரியில் சில நாள் தங்க நேர்ந்தது. வீடு திரும்பும் நாளில் நம் வண்டியே சென்றது. பசறை கடந்து, தோட்டப் பாதையில் மெல்ல ஏறினோம். அதே பள்ளங்கள், அதே கற்கள். பின்னாசனத்தில் பேச்சில்லை. லயத்து வாசலில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தோம். குழந்தை தாயின் மடியில் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தது. வண்டி நின்ற பின்னரே அது கண் விழித்தது.